பாஸ்வேர்டு ஸ்ட்ராங்... ஆனா ப்ளகின் அப்டேட் பண்ணீங்களா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆவடியில் இருக்கும் தெரிந்த பையன் ஒருவர் வேர்ட்பிரஸ்ஸில் வெப்சைட் செய்து கொடுத்தார். அதோடு சரி. பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்க கம்பெனி கதையும் இதுதானா? அப்போ இது உங்களுக்குத்தான்.

ஸ்டோர்டு எக்ஸ்.எஸ்.எஸ். என்றால் என்ன?

கம்பெனி கேட்டில் இருக்கும் விசிட்டர் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் ஒருவர், ‘எனக்கு ஆபீஸ் சாவியைக் கொடுக்கவும்’ என்று எழுதிவிட்டுப் போகிறார். அதைப் படிக்கும் மேனேஜர் சாவியைக் கொடுப்பாரா? மாட்டார். ஆனால், பிரவுசர் கொடுத்துவிடும்!

வெளியாள் அனுப்பும் தகவலை ப்ளகின் சரியாக வடிகட்டாமல் சேமித்தால், அதில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட்டும் டேட்டாபேஸில் உட்கார்ந்துவிடும். அட்மின் லாகின் செய்து அந்தப் பக்கத்தைத் திறந்ததும், அவருடைய அதிகாரத்திலேயே அது ஓடும். பாஸ்வேர்டைத் திருட வேண்டிய அவசியமே இல்லை.

நிஜமாவே நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. ‘லைட்ஸ்பீடு கேஷ்’, 40 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்த ப்ளகின். இதிலிருந்த இந்த வகை ஓட்டை, 2023 அக்டோபரில் வந்த 5.7.0.1 பதிப்பிலேயே அடைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் 2024 மே மாதம், பழைய பதிப்பிலேயே இருந்த தளங்களில் ‘wpsupp-user’ போன்ற பெயர்களில் போலி அட்மின் கணக்குகள் முளைப்பதாக ‘டபிள்யூ.பி.ஸ்கேன்’ எச்சரித்தது. மருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும், அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

இன்னைக்கே என்ன செய்யலாம்?

* டாஷ்போர்டில் எல்லா ப்ளகினையும் அப்டேட் செய்து, ஆட்டோ-அப்டேட்டை ஆன் செய்யுங்கள்.
* பயன்படுத்தாத ப்ளகினை டீஆக்டிவேட் செய்தால் மட்டும் போதாது, டெலிட் செய்யுங்கள்.
* யூசர்ஸ் பட்டியலில் தெரியாத அட்மின் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.
* தினசரி பதிவுகளுக்கு ‘எடிட்டர்’ கணக்கு போதும். அட்மின் கணக்கைத் தேவைப்படும்போது மட்டும் திறங்கள்.

போலி அட்மின் சிக்கினால், அந்தக் கணக்கை நீக்குவதோடு விட்டுவிடாதீர்கள். உள்ளே வேறு பின்வாசல்கள் இருக்கலாம். சுத்தமான பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்டு, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். 2022-ல் வந்த உத்தரவுப்படி, இது போன்ற ஊடுருவல்களை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

முதல் வேலை, வெப்சைட் செய்து கொடுத்தவருக்கு ஒரு போன்: “அப்டேட்டை இப்போ யார் பார்த்துக்கிறாங்க?”