கேளாமல் வரும் கடன்



நீங்கள் கேட்காமலே, உங்கள் பெயர் அச்சிட்ட காசோலைகள் தபாலில் வந்தால் என்ன செய்வீர்கள்? அதிர்ஷ்டம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள்! அமெரிக்காவில் கடனட்டைக் கம்பனிகள் இப்படி அனுப்புவதுண்டு. கையொப்பமிட்டுப் பாவித்தால் அத்தொகை உங்கள் தலையில் கடனாக ஏறிவிடும். கட்டணமும் வட்டியும் அதன் பின்னால் வரும். கேளாமல் கடனட்டை அனுப்புவதை அந்நாட்டுச் சட்டம் 1970இல் தடுத்தது. காசோலைகளை அது தடுக்கவில்லை. இந்திய ரிசர்வ் வங்கியும் 2022இல் கேளாத அட்டைகளைத் தடைசெய்தது. மீறினால், அறவிட்ட கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு அதன் இருமடங்கைத் தண்டமாகவும் செலுத்த வேண்டும் என்றது.

"பதுளையில் இருக்கும் நமக்கு இதில் என்ன?" என்கிறீர்களா? பசறை, ஹாலிஎல தோட்ட லயங்களுக்குக் காசோலை வருவதில்லைதான். ஆனால் நுண்கடன் கொடுப்பவர் வாசலுக்கே வருகிறார். நாலைந்து பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணை வைக்கிறார். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கடனோடு அயலுறவும் முறிகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். 50,000 ரூபா வாங்கி, வாரம் 1,400 வீதம் 52 வாரம் கட்டினால் மொத்தம் 72,800 ரூபா. 22,800 அதிகம்! முதல் வாரத்திலிருந்தே முதல் குறைந்து வருவதால், உண்மையான வட்டி வீதம் பார்வைக்குத் தெரிவதைவிட மிக அதிகம்.

இந்தத் துயரம் முற்றியதால்தான் 2018இல் அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது.

சகோதரிகளே, வெற்றுத் தாளில் கையொப்பமிடாதீர்கள். அடையாள அட்டைப் பிரதியை எவருக்கும் எளிதில் கொடுக்காதீர்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனம் அநீதி செய்தால், அவ்வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 இலக்கத்தில் முறையிடலாம்.

அல்குர்ஆனின் ஆக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்கிறது. அதே சூரா வட்டியை ஹராமாக்குகிறது.

வசதியுள்ளவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் மருந்துக்கும் பாடசாலைச் சப்பாத்துக்கும் கைமாற்றுக் கிடைக்காதபோதுதான் வட்டிக்காரருக்குக் கதவு திறக்கிறது. அயலவர் எந்த மதத்தவராயினும் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவுங்கள். அல்லாஹ் அதற்கு நற்கூலி தருவானாக!