மலைநாட்டுத் தோட்டத்துக்கு ஒரு மூடுபெட்டி

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவிலும் அதைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் சில இரவுகள் வரும். வானத்தில் ஒரு துண்டு மேகம் இராது. காற்று அசையாது. நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போல் பளிச்சிடும். பார்க்க அழகான இரவுதான். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் நாற்றுப் போட்டு வைத்திருக்கும் தாய்மாருக்கு அது நெஞ்சு பதறும் இரவு. ஸுபஹுக்கு எழும்பிக் கதவைத் திறந்தால் புல்லின் மேல் உப்புத் தூவியது போல உறைபனி படிந்திருக்கும். வெயில் ஏறியதும் நாற்றுகள் வெந்நீர் ஊற்றப்பட்டவை போல் கறுத்துச் சாய்ந்துவிடும். ஒரு மாதத்து உழைப்பும் விதைக்குக் கொடுத்த காசும் ஒரே இரவில் போய்விடும்.

காய்கறியை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்லிவிட முடியாத காலம் இது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பொருட்களின் விலை, முந்திய வருடத்தைவிட நூற்றுக்கு 94.9 வீதம் கூடியிருந்ததை நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் 2000 ரூபாயைத் தொட்டது. கரட் விளையும் மலைநாட்டிலேயே அதை எண்ணி எண்ணி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அப்படியான நாட்களில் வீட்டுப் பின்புறத்து நாலு பாத்தி பெரிய உதவி. அந்தப் பாத்திகளின் உயிர் நாற்றில் இருக்கிறது. நாற்றைக் காப்பாற்றச் செலவு குறைந்த ஒரு வழியை இங்கே சொல்லப் போகிறேன்.

குளிர் நாடுகளில் இதைக் 'கோல்ட் பிரேம்' என்பார்கள். அடியில்லாத ஒரு பெட்டி. அதன் மேல் கண்ணாடியோ பொலித்தீனோ போட்ட ஒரு மூடி. அவ்வளவுதான். நாம் இதை மூடுபெட்டி என்று அழைப்போம். புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோமாபுரியை ஆண்ட திபேரியஸுக்கு வருடம் முழுவதும் வெள்ளரிக்காய் வேண்டியிருந்ததாம். அவனுடைய தோட்டக்காரர்கள் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வெள்ளரியை வளர்த்து, வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், குளிர் நாட்களில் ஒளி ஊடுருவும் மெல்லிய கல் தகடுகளால் மூடி வைத்தார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். ஓர் அரசனின் நாவுக்காகச் செய்த வேலையை இன்று பழைய ஜன்னல் ஒன்றை வைத்து நாமே செய்துகொள்ளலாம்.

பனி எப்படி வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது போர்வை போல நின்று வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாத இரவில் தடுப்பார் இல்லை. காற்று வீசினால் மேலேயுள்ள சற்றுச் சூடான காற்று கீழே கலக்கும். காற்றும் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3, 4 பாகை செல்சியஸ் காட்டும்போதே தரையோடு கிடக்கும் புல்லில் பனி உறைந்துவிடுகிறது. நாற்று வாழ்வது அந்தப் புல்லின் உயரத்தில்தானே.

இன்னொன்று, குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஒரே தோட்டத்தில் மேல் பாத்தி தப்பிக் கீழ்ப் பாத்தி கருகுவது இதனால்தான். ஆகவே மூடுபெட்டியைப் பள்ளத்தில் வைக்கக்கூடாது. சரிவின் கீழ்ப்பக்கம் நெருக்கமான வேலியோ மதிலோ இருந்தால் குளிர் அங்கே அணை கட்டினாற்போல் நிற்கும். அதற்கு அருகிலும் வேண்டாம். வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிய மேடான இடம் கிடைத்தால் அதுவே மேல். காலை வெயில் முதலில் அங்கே விழும். பகலில் சூடேறிய சுவரும் இரவில் கொஞ்சம் வெப்பம் கொடுக்கும்.

பெட்டியைச் செய்யும் முறை

மூடியை முதலில் தேடுங்கள், பெட்டியைப் பிறகு அளவெடுங்கள். வீடு திருத்தியபோது கழற்றிப் போட்ட கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தால் பெட்டியின் அளவை அந்த ஜன்னலே தீர்மானிக்கட்டும். இல்லாதவர்கள் 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். அகலம் இதற்கு மேல் வேண்டாம். முன்பக்கம் நின்று குனிந்தால் கை பின்பக்கம் வரை எட்ட வேண்டும். எட்டாத மூலையில்தான் புல்லும் நத்தையும் குடியிருக்கும்.

பின்பக்கம் 15 அங்குலமும் முன்பக்கம் 10 அங்குலமும் உயரம் போதும். பக்கப் பலகைகள் இரண்டையும் அந்தச் சரிவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இங்கிலாந்துப் புத்தகங்களைப் பார்த்துச் செய்பவர்கள் மூடியை மிகச் செங்குத்தாகச் சாய்க்கப் பார்ப்பார்கள். டிசம்பர் கடைசியில் இலண்டனில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் உயரும். அந்தச் சாய்ந்த வெயிலைப் பிடிக்க அவர்களுக்கு அது தேவை. நுவரெலியாவில் அதே நாளில் சூரியன் சுமார் 60 பாகை உயரத்தில் நிற்கிறது. நமக்குச் சரிவு மழைநீர் வழிந்தோடத்தான். உயரம் குறைந்த முன்பக்கம் கிழக்கையோ தென்கிழக்கையோ பார்த்திருந்தால் போதுமானது.

பலகை இல்லாதவர்கள் செங்கல்லையோ சீமெந்துக் கல்லையோ சாந்து பூசாமல் அடுக்கியே பெட்டி கட்டலாம். என்னைக் கேட்டால் மலைநாட்டுக்குப் பலகையைவிடக் கல்லே நல்லது. பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடும்; உளுத்தும் போகாது. இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். பலகையில் செய்பவர்கள் அது உக்காதிருக்க வாகனங்களின் கழிவு எண்ணெயைப் பூசுவது இங்கே வழக்கம். வேண்டாம். அது மண்ணில் இறங்கும். அந்த மண்ணில் விளைவதை நம் பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

மூடிக்கு இரண்டங்குல ரீப்பைகளால் ஒரு சட்டம் அடித்து, மேல்புறம் ஒரு பொலித்தீனும் கீழ்ப்புறம் ஒரு பொலித்தீனும் இழுத்து ஆணியடியுங்கள். நடுவில் அடைபட்டு நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கும் போர்வை. சாதாரணப் பொலித்தீன் வெயிலில் ஒரு வருடத்துக்குள் பொடிந்து போகும். பச்சைவீடுகளுக்கென்று விற்கும் பொலித்தீன் விலை கூடியதானாலும் சில வருடம் தாங்கும். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் தரையோடு கண்ணாடி வைப்பதை நான் விரும்பமாட்டேன். மூடி நாலு பக்கமும் பெட்டியைவிட ஓரங்குலம் வெளியே நீளட்டும். பிணைச்சலுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பழைய டயர் டியூபைப் பட்டையாக வெட்டிப் பின்பக்கத்தில் அடித்தால் போதும். முன்பக்கம் ஒரு கயிறும் ஒரு கல்லும் இருக்கட்டும், காற்று மூடியைத் தூக்காமலிருக்க.

உள்ளே மேல் மண்ணும் நன்றாக உக்கிய கூட்டெருவும் சம அளவில். விதைப்பதற்கு முன் வைக்கோலும் உமியும் பரப்பி அந்த மண்ணின் மேல் எரித்துவிட்டால் அழுகல் நோய்க் கிருமியில் பெரும் பகுதி சாகும். பலகைப் பெட்டியாயின் இதைப் பெட்டி வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மிகக் குளிரான இடங்களில் உள்ளவர்கள் அடியில் ஒன்றரை அடி தோண்டி, புது எருவை மிதித்து நிரப்பி, அதன் மேல் 6 அங்குலம் மண் போடலாம். எரு உக்கும்போது எழும் சூடு சில வாரங்களுக்கு வேரை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். மாட்டெருவைவிடக் குதிரை எருவுக்குச் சூடு அதிகம். நுவரெலியாவில் அதற்குப் பஞ்சமில்லை. குதிரைப் பந்தயம் நமக்கு ஆகாத காரியம். குதிரை போடும் எருவில் குற்றமில்லை. நிரப்பியவுடன் விதைத்துவிடாதீர்கள். முதல் ஒரு வாரம் சூடு மிகக் கடுமையாக இருக்கும். மண்ணுக்குள் கை வைத்தால் இதமாக இருக்கும் நிலை வரட்டும்.

எரு நஜிஸ் அல்லவா, அதில் முளைத்ததைச் சாப்பிடலாமா என்று பெண்கள் அடிக்கடி கேட்பதுண்டு. நமது ஷாபிஈ மத்ஹபின்படி எருவில் முளைத்த பயிர் அதனால் நஜிஸாகிவிடாது. எரு பட்ட இடத்தைக் கழுவிவிட்டால் போதும்.

திறப்பதில்தான் இருக்கிறது

பெட்டி செய்வது ஒரு நாள் வேலை. வீட்டு ஆண்கள் ஒரு போயா விடுமுறையில் செய்து கொடுத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அது பிழைப்பதும் கெடுவதும் வீட்டில் இருப்பவரின் கையில்.

குளிருக்காகச் செய்த பெட்டியில் நாற்றுகள் பெரும்பாலும் வெப்பத்தால்தான் சாகின்றன. இரவு பனி கொட்டிய அதே நாளில் பத்து மணி வெயில் சுள்ளென்று அடிக்கும். மூடியபடி கிடக்கும் பெட்டிக்குள் அரை மணி நேரத்தில் 40 பாகைக்கு மேல் ஏறிவிடும். கோவா நாற்று துவண்டுவிடும். சலாது விதை 30 பாகைச் சூட்டில் முளைக்கவே மறுத்துவிடும். ஆகவே காலை 8 மணியளவில் வெயில் பெட்டியில் விழுந்ததும் மூடியைச் சற்று உயர்த்துங்கள். ஒரு தடியில் 2, 4, 8 அங்குல உயரங்களில் மூன்று வெட்டு வெட்டி வைத்தால் மூடிக்கு முட்டுக்கொடுக்க வசதி. முதலில் சிறிய வெட்டு. வெயில் ஏற ஏற அடுத்தது. உச்சியில் முழுவதும் திறந்தாலும் பாதகமில்லை. மழை மந்தாரமான நாளிலும் ஒரு விரல் இடைவெளி வேண்டும், காற்றோட்டத்துக்காக.

மாலையில் வெயில் தாழ்ந்து குளிர் தொடங்கிய பிறகு மூடுவதால் பயன் குறைவு. அஸருக்கு முன்பின்னாக, வெயில் இன்னும் இருக்கும்போதே மூடிவிடுங்கள். அந்தக் கடைசி வெயிலின் சூடு உள்ளே அகப்பட வேண்டும். பழைய தண்ணீர்ப் போத்தல்கள் நாலைந்துக்குக் கறுப்புப் பூசி, நீர் நிரப்பிப் பின்பக்க ஓரமாய் நிறுத்தி வைத்தால் அவையும் பகலில் சூடேறி இரவில் வெப்பம் விடும். மஃரிபுக்குப் பிறகு வானத்தைப் பாருங்கள். மேகமும் காற்றும் இல்லையென்றால் மூடியின் மேல் இரண்டு சாக்கையோ பழைய பாயையோ விரித்துவிடுங்கள். பொலித்தீன் காற்றைத் தடுக்குமே தவிர, தரை விடும் வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது. கண்ணாடி இந்த விஷயத்தில் அதைவிட மேல். ஆகவே பொலித்தீன் போட்டவர்களுக்குச் சாக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். காலையில் சாக்கை எடுக்க மறந்தால் நாற்று வெளிச்சம் தேடி மெலிந்து நெட்டையாகிவிடும். இந்த வேலையைப் பாடசாலை போகுமுன் ஒரு பிள்ளையிடம் ஒப்படைக்கலாம்.

தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்றுங்கள். மூடிய பெட்டியில் ஈரம் எளிதில் காயாது. தினமும் ஊற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றலாம். மாலையில் ஊற்றிய ஈரத்தோடு மூடினால் நாற்றின் அடித்தண்டு நூல் போல் சுருங்கி மடிந்து விழும். அழுகல் நோய் என்பது இதுதான். அப்படி ஓரிடத்தில் கண்டால் அந்த நாற்றுகளை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, சில நாட்கள் தண்ணீரைக் குறைத்து மூடியை அதிகம் திறந்து வையுங்கள்.

கோவா, சலாது நாற்றுகள் நாலைந்து வாரத்தில் தயாராகிவிடும். தக்காளியும் கறிமிளகாயும் மலைக்குளிரில் இன்னும் சில வாரம் கேட்கும். பெட்டியில் செல்லமாய் வளர்ந்ததை ஒரே நாளில் வெளியே நட்டால் தாங்காது. கடைசி ஒரு வாரம், பத்து நாள் பகல் முழுவதும் திறந்து வையுங்கள்; பனியில்லாத இரவுகளிலும் பாதி திறந்திருக்கட்டும். கரட் மட்டும் இந்த வரிசையில் சேராது. அதைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணலாகும். விதைத்த இடத்திலேயே விட வேண்டும்.

வெலிமடை, குருத்தலாவைப் பக்கம் உள்ளவர்களுக்கு இதில் பெரும் பகுதி பொருந்தும். ஆனால் காத்தான்குடியிலும் புத்தளத்திலும் இதைப் படித்துவிட்டு ஆசைப்படும் சகோதரிகள் தயவுசெய்து மூடுபெட்டி கட்ட வேண்டாம், நாற்று வெந்துபோகும். அங்கே நாற்றுக்கு எதிரி ஒக்டோபரிலிருந்து கொட்டும் மழை. நாலு கம்பு நட்டு, மூன்றடி உயரத்தில் சரிவாக ஒரு பொலித்தீன் கூரை, நாலு பக்கமும் திறந்தபடி. மழைத்துளி நாற்றில் நேரே விழாமல் தடுத்தால் அதுவே போதும்.

மலையில் மார்ச் பிறந்து பனி விலகியதும் மூடியைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, வெயில் படாத அறையில் நிறுத்தி வையுங்கள். பொலித்தீனுக்கு ஆயுள் கூடும். மூடியில்லாத பெட்டியில் அடுத்த டிசம்பர் வரை கொத்தமல்லியும் சலாதும் போடலாம்.