சப்போரோவுக்குப் போன மிஷ்கின்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘இடியட்’ நாவலை எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் ‘அசடன்’ என்று வாசித்தவர்களுக்கு நாயகன் மிஷ்கின் வந்திறங்கும் ஊர் பீட்டர்ஸ்பர்க். அகிரா குரோசாவா 1951இல் அவனைக் கப்பலேற்றி ஹொக்கைடோ தீவின் சப்போரோவுக்கு அனுப்பினார். படத்தில் அவன் பெயர் கமேடா. அவனுடைய நண்பனும் போட்டியாளனுமான ரகோஷினாக வருபவர் தொஷிரோ மிஃபுனே.

மரண தண்டனையின் கடைசி நிமிடத்தில் தப்பிய ஒருவனைப் பற்றி நாவலில் மிஷ்கின் பேசுவான். அது 1849இல் தஸ்தயேவ்ஸ்கிக்கே நேர்ந்தது. தன் முறைக்காக அவர் காத்து நின்றபோதுதான் ஜார் மன்னரின் மன்னிப்பு வந்தது. குரோசாவா அந்த அனுபவத்தை நாயகனுக்கே கொடுத்துவிட்டார். ஒகினாவாவில் போர்க்குற்றவாளி என்று தவறாகப் பிடிபட்டு, சுடப்படுவதற்குச் சற்று முன் விடுவிக்கப்பட்டவன் கமேடா. போர் முடிந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த ஜப்பானில் இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. நாவலில் மிஷ்கினும் ரகோஷினும் சிலுவை மாற்றிக்கொள்வார்கள். இங்கே ஒருவன் தாயத்தைத் தருகிறான், கமேடா அந்தக் கொலைக்களத்தில் கையில் இறுக்கிப் பிடித்திருந்த கல்லைத் தருகிறான். எனக்குப் படத்தில் ஆகப் பிடித்தது இந்தக் கல்தான்.

இருவரும் நேசிக்கும் நஸ்தாஸ்யாவாக செத்சுகோ ஹாரா. இயக்குநர் ஓசுவின் படங்களில் சாந்தமாகச் சிரிக்கும் மகளாகவே அவரைப் பார்த்துப் பழகியவர்கள், இந்தக் கறுப்பு அங்கிக்காரியைக் கண்டால் கொஞ்சம் மிரள்வார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நாவலை விட்டு விலகும்போதெல்லாம் உயிர்பெறும் படம், அதை ஒட்டியே நடக்கும் இடங்களில் தள்ளாடுகிறது. பழியைக் குரோசாவாமேல் மட்டும் போடவும் முடியாது. அவர் எடுத்தது 265 நிமிடம். ஷோசிகு நிறுவனம் வெளியிட்டது 166. வெட்டுவதென்றால் பிலிமை நீளவாக்கில் வெட்டுங்கள் என்று குரோசாவா பொருமினாராம். முதல் பாதியில் கதையைச் சொல்ல எழுத்து அட்டைகள் வந்து வந்து போகின்றன. வெட்டியதன் தழும்பு அதுதான்.

விமர்சகர்கள் படத்தைக் கிழித்துப் போட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், முந்தைய படமான ‘ரஷோமோன்’ வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. மறு ஆண்டே குரோசாவா மறுபடி ஒரு ரஷ்யரிடம் போனார்: டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’. இம்முறை ஒரு மனிதன் சாகப்போகிறான் என்ற விதையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை டோக்கியோவின் நகராட்சி அலுவலகத்தில் தானே வளர்த்தார். ‘இகிரு’ அப்படிப் பிறந்தது.