ஓட்டம் முதலில், கயிறு அப்புறமா?

வியர்வைக் கணக்கு – 11

ஆவடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு ஆவடி என்பது 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பயிற்சி மையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள். பக்கத்துப் பூந்தமல்லியிலும் ஓர் அணி உண்டு. 2022 ஜனவரியில் ஆவடிக்கென்று தனி போலீஸ் கமிஷனரகமே வந்துவிட்டது. தெருவுக்கு நாலு பேர் சீருடை போடும் ஊரில், அந்தச் சீருடைக்கு ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்வார்கள். விடிவதற்குள் ஓடத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும் கூட்டம் அது. சென்ற வாரம் ஓய்வு நாளின் அவசியத்தைப் பேசினோம். இந்த வாரம் இந்தக் கூட்டத்தின் பயிற்சித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். உடல் வலுவையும் மூச்சுத் திறனையும் சேர்த்து வளர்ப்பது எப்படி என்ற பொதுக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. போலீஸ் வேலை பற்றிய எண்ணமே இல்லாத, நாற்பது வயதில் உடம்பைச் சீர்செய்ய நினைப்பவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

தேர்வு என்ன கேட்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், அண்மை ஆண்டுகளின் அறிவிக்கைகளின்படி, ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இது தகுதிச் சுற்று மட்டுமே. அதைத் தாண்டியவர்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50-க்கு இரண்டு. 100 மீட்டரை 15 விநாடியில் முடித்தால் ஒன்று, 13.5-இல் முடித்தால் இரண்டு. இந்த ஸ்டார்கள்தான் மதிப்பெண்ணாகின்றன: மொத்தம் 100 மதிப்பெண்ணில் 24 இங்கே கிடைக்கிறது. கவனியுங்கள், அந்த 24-இல் ஒன்றுகூட 1,500 மீட்டர் ஓட்டத்துக்குக் கிடையாது. அந்த ஓட்டம் வாசற்கதவு. மதிப்பெண் முழுக்கக் கையின் பிடியிலும் முதுகின் இழுப்பிலும் தொடையின் வெடிப்பிலும் இருக்கிறது. ஆனால் கிரவுண்டில் நடப்பது வேறு. முதல் சில மாதங்கள் ரவுண்டு ரவுண்டாக ஓட்டம். எழுத்துத் தேர்வு முடிவு வந்து, பிசிக்கலுக்குத் தேதி குறித்த பிறகே கயிறு ஞாபகத்துக்கு வருகிறது. “முதல்ல தம் வரட்டும், அப்புறம் கயிறு பாத்துக்கலாம்” என்பது எழுதப்படாத பாடத்திட்டம். அது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வலுப் பயிற்சியும் ஓட்டமும் முதல் வாரத்திலிருந்தே கைகோத்து நடக்க வேண்டும்.

7 நிமிடம் என்றால் 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் ரவுண்டு, ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடி. நோயில்லாத இருபது வயது இளைஞனுக்கு இது எட்டாக்கனி அல்ல. வாரம் மூன்று நாள் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலோர் சில மாதங்களில் தொட்டுவிடக்கூடிய வேகம். கயிறு அப்படிப்பட்டதல்ல. தன் முழு எடையையும் தூக்கி 6 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு மாடி உயரம், போக வேண்டும். பள்ளியிலோ வீட்டிலோ தலைக்கு மேல் கை தூக்கி எதையும் இழுத்துப் பழகாத உடம்புக்கு இது புது மொழி. புது மொழிக்குக் காலம் வேண்டும். வலுப் பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பருத்ததால் வருவதில்லை. இருக்கிற தசையை ஒருசேர வேலைக்கு இழுக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருகிறது. தசை வளர்வது அதற்குப் பின்னால் வரும் மெதுவான வேலை. தசையைவிடத் தாமதமாக இறுகுபவை தசைநாண்கள். கடைசி ஒரு மாதத்தில் கயிற்றைப் பிடிக்கிறவர்கள், முழங்கையிலும் தோளிலும் வலியோடு தேர்வுக்குப் போவது இதனால்தான்.

இந்த வாதத்துக்கு உடனே எழும் எதிர்வாதம் வலுவானது. “ரெண்டையும் ஒண்ணா செஞ்சா ரெண்டும் கெடும்; ஓட்டம் தசையைத் தின்னுடும்” என்று ஜிம் மாஸ்டர்கள் சொல்வார்கள். இது வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு குழு வாரம் 5 நாள் வலுப் பயிற்சி. இன்னொன்று வாரம் 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. 10 வாரம் நடந்த சோதனையில் மூன்றாவது குழுவின் கால் வலு ஏழாவது வாரம்வரை முதல் குழுவோடு சேர்ந்தே ஏறியது. பிறகு நின்றது. கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. மூச்சுத் திறனோ இரண்டாவது குழுவுக்குச் சமமாகவே வளர்ந்தது. ஆக, வலு ஓட்டத்தைக் கெடுக்கவில்லை. ஓட்டம்தான் வலுவைக் கெடுத்தது. ஜிம் மாஸ்டர் சொல்வது சரி போலத்தான் தெரிகிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். வாரத்துக்குப் பதினொரு முறை, அதுவும் முழு மூச்சில். அப்படியும் ஏழு வாரம் எந்தச் சேதமும் இல்லை. ஹிக்சன் காட்டியது இரண்டு பயிற்சிகளுக்கும் ஜென்மப் பகை என்பதை அல்ல. ஓய்வில்லாமல் இரண்டையும் உச்சத்தில் திணித்தால் உடம்பு எங்கே கைவிடும் என்பதைத்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாரம் நான்கைந்து முறை நிதானமாகத் தொடங்குகிறவனை ஹிக்சன் தொடவே மாட்டார். பிசிக்கலுக்கு அறுபது நாள் இருக்கையில் காலை மாலை இரு வேளையும் ஓட்டம், கயிறு, தாண்டுதல் என்று விழுந்தடித்துச் செய்கிறவன், ஹிக்சனின் மூன்றாவது குழுவில் தானே போய்ச் சேர்ந்துகொள்கிறான். தேர்வு நாளும் சரியாக அந்த ஒன்பதாவது வாரத்தில் வருகிறது. “முதலில் ஓட்டம், அப்புறம் கயிறு” என்ற திட்டம் எந்த மோதலைத் தவிர்ப்பதாக நினைக்கிறதோ, அதைத்தான் தேதி குறித்து வரவழைக்கிறது.

ஹிக்சனுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளில் நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. 2022-இல் ஷூமானும் கூட்டாளிகளும் அவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டையும் சேர்த்துச் செய்வதால் உச்ச வலுவுக்கோ தசை வளர்ச்சிக்கோ சொல்லும்படியான இழப்பு இல்லை என்று தெரிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அடி வாங்குகிறது: வெடிப்பு வலு, அதாவது கண நேரத்தில் பாயும் திறன். அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் அடுத்தடுத்துச் செய்யும்போது. இதை நம் தேர்வோடு பொருத்திப் பாருங்கள். எல்லோரும் கயிற்றுக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது நீளம் தாண்டுதலுக்கும் 100 மீட்டருக்கும். நாலு ரவுண்டு ஓடிக் களைத்த காலோடு மணல் குழியில் போய்த் தாண்டிப் பழகுவது கிரவுண்டுகளின் நெடுநாள் வழக்கம். கால் களைத்த பிறகு பழகும் தாண்டல், மெதுவாகத் தாண்டத்தான் கற்றுக்கொடுக்கும். 3.80-க்கும் 4.50-க்கும் இடையில் தொலைகிற 70 சென்டிமீட்டரில் கொஞ்சமாவது இந்த வரிசைக் குளறுபடியின் கணக்கில் சேரும் என்பது என் துணிபு.

மறுதிசையில் வலுப் பயிற்சி ஓட்டத்துக்கு என்ன செய்கிறது? “கனமான உடம்பு ஓடாது” என்பது ஓட்டக்காரர்களின் பயம். 1999-இல் பின்லாந்தில் பாவோலைனன் குழுவினர் தேர்ந்த நெடுந்தூர வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டவில்லை. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தாண்டுதலுக்கும் வேகமான வலுப் பயிற்சிக்கும் கொடுத்தார்கள். 9 வாரத்தில் அவர்களின் 5 கிலோமீட்டர் ஓட்ட நேரம் குறைந்தது. நுரையீரலும் இதயமும் ஆக்ஸிஜனை வாங்கிக் கொடுக்கும் அளவு கூடவில்லை. அதே எரிபொருளில் வண்டி கூடுதல் தூரம் ஓடியது, அவ்வளவுதான். காயக் கணக்கு இதைவிட முக்கியம். வலுப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்ததாகவும், அதிகப் பயன்பாட்டால் வரும் காயங்களை ஏறக்குறையப் பாதியாக்கியதாகவும் 2014-இல் லாவர்சன் தொகுத்த ஆய்வு காட்டியது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து பாதியில் நின்றுபோகும் பையன்களை எந்தப் பயிற்சி மைதானத்திலும் பார்க்கலாம். அவர்களை நிறுத்தியது மூச்சுக் குறைவு இல்லை. எலும்பும் கெண்டைக்கால் தசையும் தயாராகும் முன்னே கூட்டப்பட்ட ரவுண்டுகள். அமெரிக்க மரைன் படையில் புதியவர்களின் ஓட்டத் தூரத்தைக் கணிசமாகக் குறைத்துப் பார்த்தபோது எலும்பு விரிசல்கள் பாதியளவுக்குக் குறைந்தன. ஓட்ட வேகத்தில் இழந்தது மிகச் சொற்பம்.

அப்படியானால் எப்படித் தொடங்குவது? வாரம் ஐந்து நாள் போதும். மூன்று நாள் வலு, இரண்டு நாள் ஓட்டம். வலு நாளில் உடம்பைச் சூடாக்கியதும், கால் புதிதாக இருக்கும்போதே, முதலில் தாண்டுதல்: பத்துப் பதினைந்து தாவல், ஒவ்வொன்றுக்கும் இடையில் நல்ல இடைவெளி. பிறகு இழுப்பு. பீம் (புல்-அப்) ஒன்றுகூட எடுக்க வராதவர் வெட்கப்பட வேண்டாம். ஒரு ஸ்டூல் போட்டுக் கம்பிக்கு மேலே தாடை வரும்படி நின்று, காலை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும்வரை மெல்ல இறங்கினால் போதும். ஏறும் பலத்தை இறங்கும் பயிற்சியே சேர்த்துத் தரும். கயிறு இல்லாதவர்கள் ஒரு கனமான துண்டைக் கம்பியில் மடித்துப் போட்டு, இரு முனைகளையும் பிடித்துத் தொங்கலாம். பிடிக்கு இதைவிட மலிவான பயிற்சி இல்லை. அதன் பிறகு தண்டால், மணல் மூட்டையைத் தோளில் வைத்துப் பாதி பஸ்கி, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குதல். கடைசியாக, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் பதினைந்து நிமிடம். ஓட்ட நாள் இரண்டில் ஒன்று நிதானமாக அரை மணி. மற்றொன்றில் 400 மீட்டர் ரவுண்டை 1 நிமிடம் 50 விநாடியில், நடுவில் நடந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு, மூன்று அல்லது நான்கு முறை. வாரா வாரம் எல்லாவற்றையும் கூட்டக் கூடாது. ஒரு வாரம் ரவுண்டு கூடினால் அந்த வாரம் மூட்டை கனக்கக் கூடாது. முன்னெலும்பு வலிப்பவர்கள் நிதான ஓட்ட நாளைச் சைக்கிளில் கழிக்கலாம். வலுவை ஓட்டம் தடுக்கும் அளவுக்குச் சைக்கிள் தடுப்பதில்லை என்று 2012-இல் ஒரு தொகுப்பாய்வு சொல்லியிருக்கிறது. டி.ஐ. சைக்கிள்ஸ் வளர்ந்த பக்கத்து அம்பத்தூரில் ஒரு பழைய சைக்கிளுக்கா பஞ்சம்!

நேரம் ஏது என்பார்கள், குறிப்பாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். மேலே சொன்னது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாது; இரவு ஷிப்டு வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்தாலும் கட்டியது இடிந்துவிடாது. காசு ஏது என்பது அடுத்த கேள்வி. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி சாதாரண ஆளுக்கே கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கை வேர்க்கடலை, தயிர், வழக்கமான பருப்புச் சோறு. இதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா பவுடர் வாங்குவதற்கு எந்தத் தேர்வு வாரியமும் ஸ்டார் தருவதில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குத்தான் ஓட்டம் மட்டும் போதும் என்று சொல்லப்படுகிறது. அவர்களின் தகுதிச் சுற்று 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. மதிப்பெண் வருவது நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஆகியவற்றில். ஆண்களின் தேர்வைவிடக் கூடுதலாக இது வலுவின் தேர்வு. எடை தூக்கினால் உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்ற பயத்துக்கு உடலியலில் ஆதாரம் இல்லை. அந்த அளவு தசை வளரத் தேவையான ஹார்மோன் பெண்ணுடலில் மிகக் குறைவு. பயப்பட வேண்டியது இரத்தசோகைக்கு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இரும்புச்சத்து இல்லாத இரத்தத்தை வைத்துக்கொண்டு எத்தனை ரவுண்டு ஓடினாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும். பயிற்சி தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது எந்தத் தண்டாலையும்விட முக்கியம்.

அளவுகளும் மதிப்பெண்களும் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறக்கூடும். உங்கள் ஆண்டின் அறிவிக்கையைப் படித்துவிட்டே திட்டம் போடுங்கள். நாளைக் காலை ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கோ கிரவுண்டுக்கோ கிளம்பும்போது, ஷூவோடு ஒரு பழைய துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்த பிறகு இல்லை, ஓடுவதற்கு முன்னால் அதில் தொங்குங்கள்.

(தொடரும்)