இருநூறு மணி நேரக் கணக்கு

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 10 வயதுக்கு மேற்பட்டோரின் எழுத்தறிவு வீதம் 95.7. பெருந்தோட்டத் துறையில் அது 86.1. இடைவெளி 9.6 புள்ளி. அந்த ஆண்டு நாட்டின் சனத்தொகை 20,359,439, அதில் 4.4 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ 896,000 பேர், தோட்டங்களில் வாழ்ந்தனர். இவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் 10 வயதைக் கடந்தவர்கள் எனக் கொண்டால் 716,000 பேர். அதில் 13.9 வீதம் எழுத்தறியாதோர்: ஏறத்தாழ ஒரு இலட்சம். மதிப்பீட்டில் வாசிப்புச் சோதனை எதுவும் கிடையாது, வீட்டார் சொன்ன பதிலே பதிவாகிறது. ஆகவே இந்த ஒரு இலட்சத்தைக் குறைந்தபட்ச எண்ணாகவே கொள்ள வேண்டும்.

வளர்ச்சி இல்லாமல் இல்லை. மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி ஆய்வுகள் தோட்டத் துறை எழுத்தறிவை 1986/87இல் 68.5 வீதமாகவும், 1996/97இல் 76.9 ஆகவும், 2003/04இல் 81.3 ஆகவும் பதிவு செய்தன. முதல் பத்தாண்டில் ஆண்டுக்கு 0.84 புள்ளி உயர்ந்தது. அடுத்த ஏழாண்டில் 0.63. அங்கிருந்து 2012 வரை ஆண்டுக்குச் சுமார் 0.6. ஆய்வும் குடிசன மதிப்பீடும் வெவ்வேறு முறைகள் என்பதால் கடைசி எண்ணைச் சற்றுத் தளர்வாகவே எடுக்கலாம். ஆயினும் வேகம் குறைந்து வந்தது தெரிகிறது.

மொத்த வீதத்தைவிடப் பெண்களின் வீதமே கூடுதலாகச் சொல்கிறது. 1986/87இல் தோட்டத்து ஆண்களில் 80.0 வீதத்தினரும் பெண்களில் 58.1 வீதத்தினரும் எழுத்தறிந்தவர்கள். 2003/04இல் ஆண்கள் 88.3, பெண்கள் 74.7. இடைவெளி 21.9 புள்ளியிலிருந்து 13.6 ஆகக் குறைந்தது. ஆனால் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தேயிலையின் முதல் கிலோவைக் கையில் எடுப்பவர்களிடையேதான் எழுத்தறியாமை அதிகம்.

இந்த உயர்வு எப்படி வந்தது? எழுத்தறியாத பெண்களின் பங்கு 1986/87இல் 41.9 வீதம், 17 ஆண்டுகளில் 25.3 ஆயிற்று, குறைவு 16.6 புள்ளி. உத்தேசமாக ஒரு கணக்குப் போடலாம். இந்தக் காலத்தில் 10 வயதை எட்டிய சிறுமிகள், 2003/04இல் கணக்கில் வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கு என்றும், அவர்களில் 10 வீதத்தினரே எழுத்தறியாதோர் என்றும் வைப்போம். மற்ற மூன்றில் இரண்டு பங்கினரில் ஒருவர்கூடப் புதிதாகப் படிக்கவில்லை எனக் கொள்வோம். அப்போதும் வீதம் 31.3 ஆகிவிடும். 16.6 புள்ளியில் 10.6 இப்படியே வந்துவிடுகிறது. மீதி 6 புள்ளியில் ஒரு பகுதி முதியோரின் மரணத்தால் வந்திருக்கும். வளர்ந்தவர்களுக்குக் கற்பித்ததால் வந்தது எவ்வளவு என்று தேடினால் மிகச் சிறிய இடமே எஞ்சுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதாலும் முதியோர் கணக்கிலிருந்து மறைந்ததாலுமே பட்டியல் பெரும்பாலும் திருந்தியிருக்கிறது.

1950இல் பிறந்து பள்ளிக்குப் போகாத ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். இடையில் 32 ஆண்டுகள். 1977இல் அவருக்கு வயது 27. அரசுப் பள்ளி வந்தபோது அது அவர் பிள்ளைகளுக்கு உதவியது, அவருக்கு அல்ல. 1986/87 ஆய்வில் அவருக்கு 36 அல்லது 37, 2012இல் 62. எல்லாக் கணக்கெடுப்பிலும் அவர் ஒரே கட்டத்திலேயே இருந்தார்.

இந்த எழுத்தறியாமையின் வேர் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்கு 3 மாதம் வரை சிறை விதிக்கலாம். தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதை அடைத்தால் அவரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த காகிதம் ‘துண்டு’. அதைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை வாசிக்க முடியாதவர்கள். துண்டு முறை ஒழிந்தது 1921இல். 1865இலிருந்து 56 ஆண்டுகள் கழித்து. 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் கல்வி தர வேண்டும் என்ற கடமையைச் சட்டம் விதித்தது 1907இல். அதாவது, சிறைத் தண்டனை வந்து 42 ஆண்டுகளுக்குப் பிறகே கரும்பலகை வந்தது.

அந்தக் கடமையும் 10 வயதோடு முடிந்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஒரு சிறுமியின் கூலி தாயின் கூலியில் 74 வீதம். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஒரு குடும்பம் அதை விட்டுவிட்டுப் பிள்ளையைப் படிக்க அனுப்பவில்லை என்று குறை சொல்ல என்னால் முடியாது.

எழுத்தறியாமையின் விலை 1951இல் ஒருமுறை பெரிய தொகையாகத் தெரிந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமை கோர 2 ஆண்டு அவகாசம். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 அளவில் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1.34 இலட்சம், ஆறில் ஒருவர். நிராகரிப்புக்கு முதற்காரணம் சட்டமும் அதை நடத்திய விதமும்தான். ஆனால் தொடர்ச்சியாக வசித்ததை ஆவணங்களால் நிறுவ வேண்டிய நடைமுறையில், வாசிக்கத் தெரியாதவர் எவ்வளவு பின்னால் நின்றிருப்பார் என்பது விளங்காததல்ல.

இன்றும் காகிதம் குறையவில்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மாதத்தில் 25 ‘பேர்’, அதாவது 25 வேலை நாள், விழுந்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி பங்கு 8 வீதம், 2,700 ரூபா. கம்பனியின் பங்கு 12 வீதம், 4,050 ரூபா. மாதம் 6,750, ஆண்டுக்கு 81,000 ரூபா. பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் இந்தப் பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வருகைப் பதிவேடான செக்ரோலில் எத்தனை ‘பேர்’ பதிந்தது, தராசில் எத்தனை கிலோ கழித்தது, நிதியில் எவ்வளவு சேர்ந்தது ஆகிய மூன்றையும் பிறர் வாசித்துச் சொல்லித்தான் ஒரு இலட்சம் பேரில் பலர் அறிகிறார்கள்.

தோட்டத்தில் இருப்பவர் இப்படியிருக்க, சிறையில் இருப்பவருக்கு எழுத்தறிவு பெறுவதில் ஓர் உரிமை உண்டு. 2015 டிசம்பர் 17இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, கைதிகளை நடத்துவதற்கான மண்டேலா விதிகள் 122. அதில் 104ஆம் விதி, எழுத்தறியாத கைதிகளுக்குக் கல்வி கட்டாயம் என்கிறது. நல்ல விதி, அது நடைமுறையாக வேண்டும். ஆனால் கால அளவைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் எழுத்தறிவு இயக்கம் அடிப்படை வாசிப்புக்கு வைத்த பாடநேரம் 200 மணி. வாரம் 6 மணி வகுப்பென்றால் 34 வாரம், ஏறக்குறைய 8 மாதம். இலங்கையில் தண்டனை பெற்றுச் சிறை செல்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அபராதம் கட்ட முடியாமல் குறுகிய காலம் உள்ளே போகிறவர்கள். பாடம் பாதியில் இருக்கும்போதே அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். சிறை வகுப்பு அவசியம்தான். ஆனால் மலையகத்தில் அது தோட்டத்து வகுப்புக்கு ஈடாகாது.

தோட்டத்து வகுப்புக்கு என்ன செலவாகும்? 200 மணியை 8ஆல் வகுத்தால் 25 வேலை நாள். வேலை நேரத்திலேயே, அந்த 2024ஆம் ஆண்டுச் சம்பளத்தோடு கற்பித்தால் ஒருவருக்கு 33,750 ரூபா. ஒரு மாதச் சம்பளம். ஒரு இலட்சம் பேருக்கு 337.5 கோடி ரூபா. 20 பேருக்கு ஒரு வகுப்பென 5,000 வகுப்புகள், 10 இலட்சம் ஆசிரியர் மணி. தொழிலாளியின் மணிக்கூலி 168.75 ரூபா, ஆசிரியருக்கு அதன் இருமடங்கு, 337.5 ரூபா, கொடுத்தால் 33.75 கோடி. மொத்தம் 371.25 கோடி. டொலர் 300 ரூபா என்றால் 1.24 கோடி டொலர். 2024இல் இலங்கையின் தேயிலை ஏற்றுமதி வருவாய் ஏறத்தாழ 144 கோடி டொலர். அதில் 0.86 வீதம், ஒரேயொரு முறை. ஓய்வு பெற்றோருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை என்பதால் உண்மைச் செலவு இதைவிடக் குறையும். நாட்டின் கொழுந்தில் பெரும்பகுதி சிறுதோட்ட உரிமையாளர்களுடையது என்பதால், இதை முழுவதும் தோட்டக் கம்பனிகளின் தலையில் வைப்பதும் நியாயமாகாது. அரசு பங்கேற்க வேண்டும்.

நடக்கக்கூடியதா என்றால், 1991இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் நடந்தது. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கல்குவாரிப் பெண்களையும் கூலிப் பெண்களையும் மாலை வகுப்புக்கு அழைத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் பாடத்தோடு சேர்த்தார். தோட்டத்தில் மாலை நேரம் உகந்ததல்ல. மலையிலிருந்து இறங்கிய பெண்ணுக்குத் தண்ணீர், விறகு, அடுப்பு என்று அடுத்த வேலை காத்திருக்கிறது. வாரத்தில் அரை நாள், 4 மணி, காலை வருகைப் பதிவான பிரட்டு முடிந்ததும், குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலோ வாசிகசாலையிலோ வகுப்பு என்றால் 50 வாரத்தில் 200 மணி நிறையும். தோட்டத்தின் எந்த டிவிஷனில் எத்தனை பேருக்கு வகுப்பு வேண்டும் என்பதற்குத் தனி ஆய்வும் தேவையில்லை. சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைத்த பெயர்களை எண்ணித் தொடங்கலாம். ஒரு டிவிஷனில் 40 பேர் இருந்தால் 2 வகுப்பு, 400 ஆசிரியர் மணி, ஆசிரியர் செலவு 135,000 ரூபா.