ஒரே பெட்டியா? உதிரிப் பாகங்களா?

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கட்டி முடித்த வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டு குடிபுகுவது எளிது. மனை வாங்கி, செங்கல்லும் மணலும் இறக்கி, கொத்தனாரோடு கூட நின்று கட்டுவது கடினம். ஆனால், கட்டியவருக்கு எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்பது தெரியும். பின்னாளில் மாடியில் ஓர் அறை எடுக்க அஸ்திவாரம் தாங்குமா என்பதும் தெரியும்.

கணிப்பொறி வாங்கும்போதும் இந்த இரண்டு வழிகள் நம் முன் நிற்கின்றன. ஒன்று, திரைக்குப் பின்னாலேயே எல்லா உறுப்புகளையும் அடக்கி, ஒரே பொருளாக விற்கப்படும் 'ஆல்-இன்-ஒன்' கணிப்பொறி. மற்றொன்று, பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கணிப்பொறி. விளையாட்டுகளில் விருப்பமுள்ள மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்பார்கள். வீட்டில் உள்ளவர்களோ, "கம்பி குறைவு, இடம் குறைவு, பார்க்க அழகு" என்று முதலாவதைக் காட்டுவார்கள். யார் பக்கம் நியாயம்? ஆசையை ஒதுக்கிவிட்டு, பௌதிகத்தையும் கணக்கையும் துணைக்கு அழைத்துப் பார்ப்போமா?

பழைய வழக்கு

இந்த வழக்கு இன்று பிறந்ததன்று. 1975-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்ற கணிப்பொறியைப் பலர் உதிரிப் பாகங்களாகவே வாங்கி, ஈயப் பற்றுவைத்துத் தாமே உருவாக்கினார்கள். 1977-ல் அறிமுகமான கமடோர் பெட் என்ற கணிப்பொறியில் திரை, விசைப்பலகை, ஒலிநாடாப் பதிவுக்கருவி மூன்றும் ஒரே உடலில் இருந்தன. அதே ஆண்டில் வந்த ஆப்பிள் II வேறு வழியில் சென்றது. அதன் மூடியைக் கையாலேயே திறக்கலாம். உள்ளே புதிய அட்டைகளைச் செருக 8 இடங்கள் இருந்தன.

1984-ல் அதே நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷ் மூடிய பெட்டியாக வந்தது. அதன் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் இருந்ததால், அனுபவமில்லாதவர்கள் திறக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால், அதன் 128 கிலோபைட் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே 512 கிலோபைட் கொண்ட மாதிரி வந்துவிட்டது. முதலில் வாங்கியவர் தம் பெட்டியில் ஒரு சில்லைச் செருகி அந்த அளவை எட்ட முடியவில்லை. செருகும் இடங்களைக் கொண்ட ஆப்பிள் II வரிசையின் ஒரு மாதிரியோ 1993 வரை விற்பனையில் இருந்தது.

வெப்பம் என்னும் நீதிபதி

விளையாட்டின்போது திரையில் என்ன நடக்கிறது? 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 60 படங்கள் வீதம் காட்டினால், ஒரு விநாடியில் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கப்பட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. திரை 3840-க்கு 2160 என்று பெரிதானால் புள்ளிகள் நான்கு மடங்காகும். இந்த வேலையைச் செய்வதுதான் வரைகலைச் செயலி. வரைகலை அட்டையின் இதயம் அதுவே.

வேலைக்கு மின்சாரம் வேண்டும். சில்லுக்குள் செல்லும் மின்னாற்றல் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். 2023-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4070 என்ற வரைகலை அட்டைக்கு மட்டும் 200 வாட் வரை மின்திறன் தேவை. 200 வாட் குண்டுபல்பை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! அகலமான பெட்டியில் பெரிய உலோகத் தகடுகளும் மின்விசிறிகளும் வைத்து இந்த வெப்பத்தை வெளியேற்றலாம். ஆனால், 2021-ல் வந்த 24 அங்குல ஐமேக் கணிப்பொறியின் தடிமன் 11.5 மில்லிமீட்டர்தான். அதன் மின்வழங்கியின் திறன், திரையையும் சேர்த்து, மொத்தமே 143 வாட். அந்த மெல்லிய உடலுக்குள் 200 வாட் அட்டைக்கு இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை.

அப்படியானால் மெல்லிய கணிப்பொறி தோற்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள். சில்லின் மின்செலவுக்கு ஒரு விதி உண்டு. அது மின்னழுத்தத்தின் இருமடிக்கும் துடிப்பு வேகத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தம், வேகம் இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாகக் கொள்வோம். 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. அதாவது, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும்! மெல்லிய கணிப்பொறியை வடிவமைப்பவர்கள் நம்பியிருப்பது இந்தக் கணக்கைத்தான். பாடம் எழுத, படம் வரைய, நிரல் எழுதிப் பழக அந்த வேகம் தாராளமாகப் போதும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு வேகத்தையும் விடாமல் துரத்துகிற விளையாட்டுக்காரருக்குத்தான் பெரிய பெட்டி தேவை.

அதற்கு விலையும் உண்டு. 400 வாட் இழுக்கும் கணிப்பொறியில் நாளுக்கு 4 மணி நேரம் வீதம் 30 நாள் விளையாடினால் 48 யூனிட் மின்சாரம் செலவாகும். 80 வாட் கணிப்பொறிக்கு அதே நேரத்தில் ஆவது 9.6 யூனிட். அளக்கும் மீட்டர் யாருக்கும் தயவு காட்டுவதில்லை.

முதுமையில் என்ன ஆகும்?

வாங்கும் நாளில் இரண்டும் புதியவைதான். வேறுபாடு ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே தெரியும்.

2014-ல் வந்த 27 அங்குல ஐமேக் ஒன்றின் திரையில் 5120-க்கு 2880 புள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. மிக நேர்த்தியான திரை அது. நினைவகத்தை மாற்றவும் அதில் வசதி இருந்தது. ஆனால், 2021-ல் வந்த புதிய இயங்குதளத்தை நிறுவனம் அந்தக் கணிப்பொறிக்கு வழங்கவில்லை. உள்ளே இருக்கும் செயலி பழையதாகிவிட்டது. திரையோ இன்னும் நன்றாகவே இருக்கிறது. சரி, கம்பி செருகி வேறு கணிப்பொறிக்குத் திரையாக வைத்துக்கொள்ளலாமே என்றால், அந்த மாதிரியில் அதற்கு வழி வைக்கப்படவில்லை. மாட்டுக்கு வயதாகிவிட்டது என்பதற்காக வண்டியையும் தூக்கி எறிவது போல!

இதற்கு எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்ற செயலிப் பொருத்துவாய்க்கு 2017-ல் முதல் ரைசன் செயலிகள் வந்தன. அன்று வாங்கிய தாய்ப்பலகைகள் பலவற்றில், அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, 2022-ல் வந்த செயலியையும் பொருத்த முடிந்தது. பெட்டி, மின்வழங்கி, திரை எல்லாம் பழையவையே. மாறியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு மட்டும். எல்லாத் தாய்ப்பலகைக்கும் இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பொருத்துவாய் மாறிவிட்டால் பலகையையும், சில வேளை நினைவகத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரும்.

பழுதானால்?

ஒரே பெட்டிக் கணிப்பொறிக்கு ஓர் உத்தரவாதச் சீட்டு, ஒரு பழுது நிலையம். நாமே பூட்டிய கணிப்பொறியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிச் சீட்டு. எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பதும் நம் பொறுப்பு.

இது சுமைதான், ஆனால் நல்ல பாடமும்கூட. கணிப்பொறி இயங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நினைவகத் தகடுகள் இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்க்கிறோம். பிறகு அதை மாட்டி, மற்றதைக் கழற்றுகிறோம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி விளைவைக் கவனிக்கும் இந்த முறை, உங்கள் சோதனைச்சாலையில் கற்றுத்தரப்படும் அதே முறைதான்.

எச்சரிக்கை ஒன்று. பாகங்களைத் தொடுமுன் மின்இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். உடலில் தேங்கியுள்ள நிலைமின்னூட்டம் சில்லுகளைக் கெடுக்கும். எனவே வண்ணம் பூசாத உலோகச் சட்டத்தைத் தொட்டு அதை இறக்கிவிடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

எப்படித் தீர்மானிப்பது?

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதலாவது: கணிப்பொறியில் நான் செய்யப்போகும் வேலைகள் எவை? விரும்பும் விளையாட்டு அந்த இயங்குதளத்தில் ஓடுமா? விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் பல, மேக் கணிப்பொறிகளுக்கு வருவதில்லை.

இரண்டாவது: நினைவகம், சேமிப்பகம், வரைகலை அட்டை இவற்றுள் எவற்றைப் பின்னாளில் மாற்றலாம்? பற்றவைத்தவை எவை? ஒரே பெட்டிக் கணிப்பொறியிலும் சில மாதிரிகளில் இரண்டொன்றை மாற்றலாம். திரையைத் தனியாகப் பயன்படுத்த வழி உண்டா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது: பாகங்களை நாமே பூட்டுவதானால், ஒவ்வொன்றின் வாட் அளவையும் கூட்டுங்கள். அட்டைக்கு 200, செயலிக்கு 120, மற்றவற்றுக்கு 80 என்றால் மொத்தம் 400. அதற்கு மேல் கொஞ்சம் இடம்விட்டு, 550 அல்லது 650 வாட் தரமான மின்வழங்கியைத் தேர்ந்தெடுங்கள். திரை, விசைப்பலகை ஆகியவற்றின் விலையையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். இதை விட்டுவிட்டு விலையை ஒப்பிடுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அந்தத் தாளை வீட்டில் காட்டுங்கள். குடும்பம் முழுவதும் பயன்படுத்த, குறைந்த இடத்தில், குறைந்த மின்செலவில் ஒன்று போதும் என்று விடை வந்தால் ஒரே பெட்டியை வாங்குவதில் குறையொன்றும் இல்லை. விளையாட்டும் வேண்டும், ஆண்டுக்காண்டு வளர்த்துக்கொள்ளவும் வேண்டும், திருப்புளியைக் கையில் எடுக்கத் துணிவும் உண்டு என்றால் பாகங்களை வாங்குங்கள். எதுவானாலும் சேர்த்துவைத்த பணம் வீட்டாருடையது. அழகைப் பார்த்தோ, நண்பன் வாங்கினான் என்றோ அதைச் செலவிடாமல், கணக்குப் பார்த்துச் செலவிட்டால் அதுவே கணிப்பொறியிடமிருந்து நீங்கள் கற்கும் முதல் பாடமாக இருக்கும்.