புராஜெக்ட் மேனேஜர் வேலையை ஏஐ ஏஜென்ட் பார்க்குமா? 175 டாஸ்க்குகள் சொல்லும் கணக்கு

டிக்கெட் போடுவது, ஸ்பிரின்ட் திட்டமிடுவது, 'அது முடிஞ்சுதா?' என்று ஒவ்வொருவரையும் துரத்துவது... இதையெல்லாம் இனி ஏஐ ஏஜென்ட்டே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு முடியும்?

ஏஜென்ட் என்றால் என்ன?

சாட்பாட் பதில் சொல்வதோடு சரி. ஏஜென்ட் அப்படியல்ல. டூல்களைத் திறக்கும், டிக்கெட்டை மாற்றும், மெசேஜ் அனுப்பும், அடுத்த படியைத் தானே முடிவு செய்யும்.

சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் 'தி ஏஜென்ட் கம்பெனி' என்ற சோதனையை வெளியிட்டனர். கிட்லேப், சாட், டாஸ்க் போர்டு எல்லாம் உள்ள ஒரு கற்பனை சாஃப்ட்வேர் நிறுவனம் அது. சக ஊழியர்களும் ஏஐதான். கோடிங், புராஜெக்ட் மேனேஜ்மென்ட், ஹெச்ஆர் என மொத்தம் 175 டாஸ்க்குகள். முதலிடம் பிடித்த கிளாட் 3.5 சானெட் முழுமையாக முடித்தது 24% மட்டுமே. 2025-ல் ஜெமினி 2.5 புரோ 30% வரை வந்தது.

எங்கே சறுக்கியது?

ஆச்சரியம் என்னவென்றால், நமக்குச் சாதாரணமான விஷயங்களில்தான். 'அடுத்து இன்னாரிடம் பேசு' என்று சக ஊழியர் சொன்ன பிறகும், பேசாமலே வேலை முடிந்ததாக ஒரு ஏஜென்ட் முடிவு கட்டியது. இன்னொன்று, சாட்டில் தேடிய நபர் கிடைக்கவில்லை என்பதால் வேறொருவரின் பெயரையே அந்த நபரின் பெயராக மாற்றிவிட்டது!

டெட்லைன் என்ன ஆகும்?

மெட்டர் அமைப்பு 2025-ல் அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை வைத்து 246 டாஸ்க்குகளில் ஆய்வு நடத்தியது. ஏஐ உதவியால் நேரம் 24% குறையும் என எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகும் 20% மிச்சம் என்றே நம்பினார்கள். நிஜத்தில் 19% கூடுதலாக ஆனது. சிறிய ஆய்வுதான், எல்லா டீமுக்கும் பொருந்தாது. ஆனால், 'ஏஐ இருக்கே, சீக்கிரம் முடிச்சிடலாம்' என்ற பேச்சை நம்பி கிளையன்ட்டுக்குத் தேதி கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மீட்டிங் சுருக்கம், டிக்கெட் வரைவு போன்றவற்றை ஏஜென்ட்டிடம் விடலாம். தப்பு வந்தாலும் திருத்துவது எளிது.
• முதலில் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். டிக்கெட்டை மூடுவது, தேதியை மாற்றுவது மனிதர் ஒப்புதலோடு நடக்கட்டும்.
• ஏஐக்கு முன், பின் எவ்வளவு நேரம் ஆனது என்று நாலு ஸ்பிரின்ட்டுக்காவது குறித்து வையுங்கள்.
• ஒவ்வொரு டிக்கெட்டிலும் பொறுப்பாளராக ஒரு மனிதர் பெயர் இருக்கட்டும். ரிலீஸ் தள்ளிப்போனால் கிளையன்ட் போன் செய்யப்போவது அவருக்குத்தான்.